உள்ளே திறந்த கதவு: உப்புவெளி வீடு ஒன்றின் குளியலறை

திருகோணமலையில் வீட்டுப் படம் கீறுவதும் கட்டட வேலையை மேற்பார்வை செய்வதும் என் தொழில். இங்கே நான் எழுதுவது பெரியம்மாவின் வீட்டுக் கதையை. உப்புவெளிப் பக்கம், கடலிலிருந்து 300 மீட்டர் கூட இல்லாத ஒரு வளவு. 2007இல் அந்த வீட்டின் படத்தைக் கீறியவன் நான்தான். குளியலறை வாசலுக்கு 2 அடி 3 அங்குலம் என்று எழுதியதும், கதவு உள்ளே திறக்கும் என்று கால்வட்டக் கோடு போட்டதும் என் கைதான். அந்தக் கோட்டைப் போட எனக்கு இரண்டு நொடி கூட எடுத்திருக்காது. எல்லா வீட்டிலும் அப்படித்தான், அதனால் இங்கும் அப்படியே போட்டேன்.

பெரியம்மாவிடமும் அவர் மகளான அக்காவிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது தம்பி, நாலு பேர் கதவைத் திருப்பிப் போட்டால் நல்லதுதானே" என்றார் பெரியம்மா.

அந்தக் காலை

2023 டிசம்பர், திருவெம்பாவைப் பூசை நாட்கள். விடியுமுன் குளித்துவிட்டுக் கோவிலுக்குப் போவது பெரியம்மாவின் வழக்கம். அப்போது அவருக்கு 74 வயது. வீட்டில் அவரும், மகளும், பதினைந்து வயதுப் பேத்தியும் மட்டும். மருமகன் வெளிநாட்டில் வேலை. இரவு முழுக்க மழை. ஐந்து மணி இருக்கும், குளித்து முடித்து முக்காலியிலிருந்து எழும்பும்போது கால் வழுக்கியிருக்கிறது. கொமட்டுக்கும் கதவுக்கும் நடுவே விழுந்தார். முதுகு கொமட்டில், இரண்டு காலும் கதவுப் பக்கம் நீட்டியபடி.

சத்தம் கேட்டு அக்கா ஓடிப்போய்க் கதவைத் தள்ளினார். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"அம்மா, தாழ்ப்பாள் எட்டுமோ?"

"எட்டாது பிள்ளை. கதவைத் தள்ளாத, கால் கிடக்குது."

தாழ்ப்பாள் தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருந்தது. இடுப்பு முறிந்த ஒருவருக்கு ஐந்தடி என்பது வானம். பேத்தி பக்கத்து வீட்டு அண்ணையைக் கூட்டிவந்தாள். கடற்றொழில் செய்கிறவர், பலசாலி, அலவாங்கோடு வந்தார். கதவை நிலையோடு பிணைக்கிற பிணைச்சலைக் கழற்றலாம் என்று பார்த்தால், உள்ளே திறக்கிற கதவுக்குப் பிணைச்சலின் முழியும் ஆணியும் உள்பக்கம்தான் இருக்கும். வெளியிலிருந்து கை வைக்க ஒன்றுமில்லை. காற்றுக்கு விட்ட யன்னல் இரண்டடிக்கு ஓரடி, அதிலும் கொங்கிரீட் கிராதி. அலவாங்கைக் கீழே கொடுத்து நெம்பினார். கதவின் கீழ்ப்பகுதி உள்ளே வளைந்து பெரியம்மாவின் பாதத்தில் இடித்தது. அவர் கத்தியதும் அண்ணை அலவாங்கைப் போட்டுவிட்டார்.

கடைசியில் வாளால் கதவுப் பலகைகளின் மேற்பகுதியை அறுத்தார்கள். கையை விட்டுத் தாழ்ப்பாளை இழுத்த பிறகும் கதவு நாலு அங்குலத்துக்கு மேல் திறக்கவில்லை, கால் தடுத்தது. பிறகு இன்னும் கொஞ்சம் அறுத்து, அண்ணையின் மெலிந்த மகனை மேலால் உள்ளே இறக்கி, அவன் பெரியம்மாவின் கால்களை மெல்ல நகர்த்திய பின்புதான் கதவு திறந்தது. விழுந்ததிலிருந்து ஏறத்தாழ 50 நிமிடம். அவ்வளவு நேரமும் நனைந்த உடுப்போடு ஈரத்தரையில் கிடந்தார்.

வலது இடுப்பெலும்பு முறிவு. சத்திரசிகிச்சை முடிந்து மூன்று கிழமைக்குப் பின் வீட்டுக்கு வந்தார், முதலில் சக்கர நாற்காலியில், அப்புறம் வோக்கரோடு.

ஒரு தாழ்ப்பாள் எப்படி வந்தது

மூன்றாம் நாள் டேப்போடு போனேன். அறுத்த பலகைகள் விறாந்தையில் சாய்ந்து கிடந்தன. பார்த்தவுடன் மனம் கனத்தது. அது பெரியப்பாவின் தகப்பனார் காலத்து வீட்டில் இருந்த தேக்குக் கதவு. பழைய வீட்டை இடித்தபோது "இந்தக் கதவை மட்டும் எறியக் கூடாது" என்று பெரியப்பா சொல்லி, தச்சு வேலை செய்கிற ஓடாவியாரைக் கொண்டு அளவுக்கு வெட்டி இங்கே மாட்டினார். நல்ல மரம். பூச்சி இல்லை, உக்கல் இல்லை. ஆனால் குளியலறைக்கு ஏற்ற கதவு அது இல்லை. அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

மரம் நீரைக் குடித்து வீங்கும், காய்ந்தால் சுருங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்தப் பக்கமாக வீங்கும் என்பதைத்தான் கவனிக்காமல் விடுகிறோம். நார் ஓடுகிற நீளவாக்கில் மரம் கிட்டத்தட்ட அசையாது. குறுக்குவாக்கில்தான் அசையும். பெரியம்மா வீட்டுக் கதவு பலகைக் கதவு: ஐந்து பலகைகள் நெட்டாகப் பக்கத்தில் பக்கத்தில் நின்று, பின்னால் குறுக்குச் சட்டம் அடித்தது. அதாவது, நிலையின் வெட்டுக்குள் அமர்வதையும் சேர்த்து, 28 அங்குல அகலம் முழுவதும் குறுக்கு நார். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போது மரத்துக்குள் 12 சதவீத அளவு நீர் நிற்கும். 85 சதவீதமானால் அது 18 வரை ஏறும். அந்த ஆறு சதவீத ஏற்றத்துக்குத் தேக்குப் பலகை 28 அங்குல அகலத்தில் எட்டு மில்லிமீட்டர் வரை விரியலாம். தேக்கு குறைவாக அசைகிற மரம். வேறு பல மரங்கள் இதைவிடக் கூட விரியும்.

பெட்டிக் கதவு என்று நாம் சொல்கிற, நெட்டுச்சட்டமும் குறுக்குச்சட்டமும் பூட்டி நடுவில் பலகை சொருகிய கதவு வேறு மாதிரி. அதில் குறுக்குச்சட்டத்தின் நார் கதவின் அகலவாக்கில் ஓடுவதால் அது நீளாது. நடுப்பலகை தன் பள்ளத்துக்குள் தானே அசைந்துகொள்ளும். அகலம் கூடுவது இரண்டு நெட்டுச்சட்டங்களின் அளவுக்கு மட்டும். நாலு நாலு அங்குலச் சட்டமானால் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூட. ஒரே தேக்கு, ஒரே வாசல், ஒரே மழை. செய்த விதத்தில்தான் இந்த வித்தியாசம்.

திருகோணமலையின் காலநிலை இதை இன்னும் மோசமாக்குகிறது. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்றோடு வருகிற மாரி. வருடத்து மழையில் பெரும்பங்கு அந்த மாதங்களில்தான். பிறகு மே தொடங்கி ஓகஸ்ட் வரை மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும், தோய்த்துப் போட்ட துணி அரை மணித்தியாலத்தில் மொறுமொறுக்கிற காற்று. ஒரே கதவு வருடத்தில் ஒருமுறை முழுக்க நனைந்து, ஒருமுறை முழுக்கக் காய்கிறது.

இப்போது அக்கா சொன்னதை வரிசைப்படுத்திப் பார்த்தேன். முதல் மாரியிலேயே கதவு நிலையில் இறுகியது. ஓடாவியார் வந்து பூட்டுப் பக்க விளிம்பைச் சீவிக் கொடுத்தார். மழை நேரத்தில் சீவியதால், கச்சான் அடித்ததும் கதவு சுருங்கி ஒரு விரல் இடைவெளி விழுந்தது. பூட்டின் நாக்கு நிலைத் துளைக்கு எட்டவில்லை; கதவு தானாகத் திறந்துகொண்டது. குளிக்கும்போது கதவு திறந்தால் எப்படி? அதற்காகக் கடையில் ஆறங்குல டவர் போல்ட் தாழ்ப்பாள் ஒன்றை வாங்கி உள்ளே மேலே அடித்தார்கள். அடுத்த மாரியில் மறுபடி இறுகியது, மறுபடி சீவினார்கள். இரும்புப் போல்ட் உப்புக் காற்றில் கறள்பிடித்து இறுகியது. பெரியம்மா உள்ளங்கையால் அடித்து அடித்துப் போடப் பழகினார்.

அந்தத் தாழ்ப்பாளை யாரும் பாதுகாப்புக்கென்று யோசித்துப் போடவில்லை. பலகை சுருங்கிய இடைவெளிக்குப் போட்ட ஒட்டு அது. மரம் அசைந்தது, அதற்காகச் சீவினோம். சீவியதால் பூட்டு விட்டது, அதற்காகத் தாழ்ப்பாள் வந்தது. பல வருடம் கழித்து அதே தாழ்ப்பாள் ஒரு மனிசியை 50 நிமிடம் அடைத்துவைத்தது. இதைக் கண்டுபிடித்த பிறகு எனக்கு இரண்டு நாள் வேறு வேலை ஓடவில்லை.

நிலையையும் பார்த்தேன். முதிரை நிலை, மேலே இரும்பு மாதிரி இருந்தது. காலடியில் மட்டும் மூன்று அங்குலம் கறுத்து, ஆணி குத்தினால் இறங்கியது. மரத்தின் வெட்டுமுகம், அதாவது நாரைக் குறுக்கே அறுத்த முனை, உறிஞ்சு குழாய்க் கட்டு மாதிரி. பக்கவாட்டை விடப் பல மடங்கு வேகமாக நீரை இழுக்கும். அந்த வெட்டுமுகத்தைத்தான் நாங்கள் சீமெந்துத் தரைக்குள் புதைத்து, தினமும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறோம். கதவின் அடிவிளிம்பும் அப்படித்தான்: முன்னும் பின்னும் மூன்று பூச்சுத் தீந்தை, அடியில் ஒரு துளி இல்லை. மாட்டிய பின் தீந்தை அடித்தால் அடியில் தூரிகை போகாது. கதவைத் தரையில் கிடத்தி ஆறு பக்கமும் பூசிவிட்டு மாட்டுகிற வீட்டை நான் இங்கே அபூர்வமாகவே கண்டிருக்கிறேன்.

என்ன கதவு

எல்லோரும் முதலில் கேட்டது "பிவிசியா, அலுமினியமா?" என்றுதான். குளியலறைக் கதவு என்றால் பொருளின் பெயரைத்தான் கேட்கிறோம். நான் அக்காவிடம் ஒரு தாளைக் கொடுத்து, "உள்ளே ஒருவர் விழுந்து கதவின் மேல் கிடந்தால் வெளியே நிற்கிறவர் என்ன செய்வார் என்று முதலில் எழுதுங்கோ, பொருளைக் கடைசியில் பார்ப்பம்" என்றேன். அவர் எழுதியது மூன்றே வரி. கதவு வெளியே திறக்க வேண்டும். பூட்டை வெளியிலிருந்து விடுவிக்க முடிய வேண்டும். அம்மாவின் சக்கர நாற்காலியோடு நானும் உள்ளே போக இடம் வேண்டும். அந்த மூன்று வரிக்குப் பிறகு தேர்வு பாதி முடிந்துவிட்டது.

சறுக்குக் கதவு நல்ல யோசனைதான், விழுந்தவர் எப்படிக் கிடந்தாலும் தடுக்காது. இங்கே வாசலுக்கு ஒரு பக்கம் சாப்பாட்டறை யன்னல், மறு பக்கம் சுவர் ஒன்றரை அடியில் முடிகிறது. சறுக்கிப் போய் நிற்க இடம் இல்லை. இடம் இருக்கிற வீட்டில் மேலே தொங்குகிற வகையைப் போடலாம். கீழே தண்டவாளம் வைத்த வகையை நான் உப்புவெளியில் போடமாட்டேன், காலில் ஒட்டி வருகிற மணலே அதை ஒரு வருடத்தில் தின்றுவிடும்.

மடிப்புப் பிளாஸ்டிக் கதவு மலிவு. கிழவர்கள் இருக்கிற வீட்டுக்கு வேண்டாம். தடுமாறும்போது மனிதர் முதலில் பிடிப்பது கதவைத்தான். அது பிடிக்கிறவரோடு சேர்ந்து மடங்கிவிடும்.

சாதாரண பிவிசிக் கதவு தண்ணீருக்கு அசையாது, வீங்காது, கறையானும் தொடாது. அதன் பலவீனம் பிணைச்சலில். உள்ளே வெற்றறைகள், சுற்றி மெல்லிய தோல். திருகாணி அந்தத் தோலைத்தான் பிடிக்கிறது. நாளுக்குப் பத்துத் தரம் திறந்து மூடி, ஈரத் துவாயையும் அதன் மேல் தொங்கப்போட்டால், மேல் பிணைச்சல் கழன்று கதவு தரையில் உரசத் தொடங்கும். பிணைச்சலும் பூட்டும் வருகிற இடங்களில் உள்ளே உலோகமோ கட்டையோ வைத்த கதவா என்று கேட்டு வாங்கினால் அது நல்ல கதவு. தட்டிப் பார்த்தாலே தெரியும்.

ப்ளைவூட் ஒட்டிய தட்டைக் கதவில் எனக்கு நம்பிக்கை இல்லை. மேலே ஒட்டிய தாள் எவ்வளவு அழகாக இருந்தாலும், அடிவிளிம்பில் நீர் ஏறி அடுக்கு விரிய ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. கொதிநீருக்கும் தாங்குகிற பசையில் ஒட்டிய பலகை வேறு தரம். ஆனால் உள்ளே தேன்கூட்டு அட்டை வைத்த கதவையும் அதையும் வெளியிலிருந்து பார்த்து வேறுபடுத்த முடியாது.

அலுமினியம் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது எல்லா வீட்டிலும் அதுதான். அது வீங்காது, இலகுவானது, பவுடர் பூச்சுப் போட்டால் வருடக்கணக்கில் நிற்கும். கடலோரத்தில் அது கெடுவது மூன்று இடங்களில். சட்டத்தை வெட்டிய முனைகளில் பூச்சு இல்லை, உப்பு அங்கிருந்து உள்ளே போய்ப் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கும். ஈரச் சீமெந்து காரம். பூசும்போது அலுமினியத்தில் தெறித்து அப்படியே விட்டால் அரித்துவிடும், உடனே கழுவ வேண்டும். பிறகு திருகாணி. இரும்பானால் கறள்; ஸ்டெயின்லெஸ் ஆனால் உப்பு ஈரத்தில் அலுமினியத்தோடு நேரே தொடுகிற இடத்தில் அலுமினியம்தான் கரையும். நடுவில் நைலோன் வாசர் வைத்தால் தப்பலாம். உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கம் அலுமினியக் கதவு வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்க்குமுன் இந்த மூன்றையும் கேட்க வேண்டும்.

மரத்தையும் நான் ஒதுக்கவில்லை. வெளியே திறக்கிற, ஆறு பக்கமும் தீந்தை பூசிய, பெட்டிக் கதவாகச் செய்த தேக்கு இந்த ஊரில் நன்றாக நிற்கும். ஆனால் அக்காவுக்கு மரத்தில் மனம் விட்டுப்போய்விட்டது. அதோடு புதிய கதவின் அகலம் கூடுகிறது. அந்த அளவுத் தேக்குக் கதவின் பாரத்தை வோக்கரில் ஒரு கையோடு நிற்கிறவர் இழுக்க வேண்டும். அது எனக்கும் சரியாகப் படவில்லை.

எனவே ஃபைபர் கதவு. கண்ணாடிநாரும் பிசினும் சேர்த்து வார்த்தது, பிணைச்சல், பூட்டு இரண்டு இடத்திலும் உள்ளே மரக்கட்டை வைத்து வார்க்கச் சொல்லி எடுப்பித்தோம். வந்ததும் நாலு விளிம்பையும் விரலால் தடவிப் பார்த்தேன். கீழ் விளிம்பில் ஒரு சிறு ஓட்டை இருந்தது. அதனூடாக நீர் போனால் உள்ளே இருக்கிற கட்டை ஊறி, வெளியில் ஒன்றும் தெரியாமல் பிணைச்சல் கழலும். திருப்பி அனுப்பி அடைத்து வாங்கினோம்.

திசையும் அகலமும்

கதவை வெளியே திறக்க வைப்பதில் முதல் எதிர்ப்பு பெரியம்மாவிடமிருந்தே வந்தது. "உள்ளுக்குத் திறக்கிற கதவுதான் தம்பி வீட்டுக்கு லட்சுமி." வாக்குவாதம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. ஓடாவியார்தான் அவர் கட்டிலடியில் குந்தியிருந்து சொன்னார்: "அம்மா, அது தலைவாசலுக்குச் சொன்னது. வாறவையை உள்ள வாங்கோ எண்டு கூப்பிடுற வாசல் அது. குளியலறைக்கு ஆரைக் கூப்பிடுறது?" பெரியம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, செய்" என்றார்.

அடுத்தது அகலம். பழைய நிலையின் உள்ளளவு 27 அங்குலம். கதவைத் திறந்து வைத்தாலும் அதன் தடிப்பு வாசலுக்குள்ளேயே நிற்கும், ஒன்றரை அங்குலம் அதில் போய்விடும். மிச்சம் இருபத்தைந்தரை. வோக்கர் 24 அங்குலத்துக்குக் கிட்ட. பிடித்திருக்கிற விரல் முட்டி இரண்டு பக்கமும் நிலையில் உரசும். சக்கர நாற்காலி போகவே போகாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் கிழமை பெரியம்மாவை அக்காவும் பேத்தியும் வாசலில் நாற்காலியிலிருந்து தூக்கித்தான் உள்ளே கொண்டுபோனார்கள். சக்கர நாற்காலிக்கு 800 மில்லிமீட்டராவது தடையில்லாத வாசல் வேண்டும், அதாவது 31½ அங்குலம். மாற்றுத்திறனாளிகள் போய்வர வசதி செய்ய வேண்டும் என்று 2006இல் வந்த ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களுக்கு உண்டு. வீட்டுக்கு யாரும் கேட்பதில்லை, நாங்களும் கீறுவதில்லை.

புதிய நிலைக்கு உள்ளளவு 34 அங்குலம் வைத்தோம். கதவைத் திறந்தால் முப்பத்திரண்டரை மிஞ்சும். சுவரை வெட்டுமுன் எனக்கு இருந்த பயம் லிண்டலில், வாசலுக்கு மேலே சுவரைத் தாங்குகிற கொங்கிரீட் விட்டத்தில். தனித்தனி லிண்டலாக இருந்தால் புதிதாக நீளமாக வார்க்க வேண்டும், அதுவரை மேற்சுவரைத் தாங்கல் கொடுத்து நிறுத்த வேண்டும். நல்ல காலம், இந்த வீட்டில் சுற்றிவர ஒரே லிண்டல். பக்கச் சுவரை மட்டும் வெட்டினால் போதும். சுவிட்சுக்குப் போகிற குழாய் அந்தச் சுவருக்குள் இருந்ததால் அதையும் மாற்ற வேண்டி வந்தது. கதவின் விலையைப் போல இரண்டு மடங்கு இந்த வெட்டுக்கும் பூச்சுக்கும் மாபிளுக்கும் போனது. கட்டும்போதே அந்த ஏழு அங்குலத்தை நான் கீறியிருந்தால் மேசன் ஒரு சதம் கூடக் கேட்டிருக்கமாட்டார்.

நிலை மறுபடி முதிரைதான். இந்த முறை காலைத் தரையில் இறக்கவில்லை. இரண்டங்குல உயரத்துக்குக் கொங்கிரீட் கட்டை வார்த்து, வெட்டுமுகத்தை எப்பொக்சி பூசி அடைத்து, அதன் மேல் நிறுத்தினோம்.

வாசலில் மூன்றங்குலக் குந்து இருந்தது, தண்ணீர் சாப்பாட்டறைக்கு வராமல் இருக்க. வோக்கர்க்காரருக்கு அந்தக் குந்து மதில். அதை உடைத்து எடுத்துவிட்டு, வாசலுக்கு உள்ளே குறுக்காக ஒரு ஒடுங்கிய வாய்க்கால் வெட்டிக் கிறில் மூடி போட்டோம். தரையை அடிக்குக் கால் அங்குலம் சரிவாக மறுபடி போட்டார் மேசன். வாசலில் இப்போது இருப்பது அரை அங்குலத்துக்கும் குறைவான ஒரு சாய்வு மட்டும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது, காலுக்கு மட்டும் தெரியும்.

கதவின் அடியில் பத்து மில்லிமீட்டர் இடைவெளி விட்டோம். மேலே காற்று வெளியேற வேண்டுமானால் கீழே காற்று நுழைய வழி வேண்டும். இல்லாவிட்டால் அறை காயாது, தரை பாசி பிடிக்கும், பாசியில் கால் வழுக்கும். உள்ளிருந்து கூப்பிடுகிற குரலும் அந்த வழியாகத்தான் வரும்.

பிணைச்சலுக்கு 316 தர ஸ்டெயின்லெஸ். அதில் மொலிப்டினம் என்ற உலோகம் இரண்டு முதல் மூன்று சதவீதம் இருப்பதால் வழக்கமான 304 தரத்தை விட உப்புக்கு நன்றாகத் தாங்கும். கடைக்குக் காந்தம் ஒன்று கொண்டுபோங்கள். வெள்ளியாக மினுங்குகிற பிணைச்சலில் காந்தம் இறுக ஒட்டினால் அது இந்தத் தரம் இல்லை, பெரும்பாலும் முலாம் பூசிய இரும்பு. ஒட்டாவிட்டாலும் நல்ல தரம் என்று அடித்துச் சொல்ல முடியாது, மலிவான ஸ்டெயின்லெஸிலும் ஒட்டாதவை உண்டு. திருகாணியையும் அதே தரத்தில் வாங்க வேண்டும். பிணைச்சலை நல்லதாக வாங்கிவிட்டு, ஆணியை வீட்டில் கிடந்த டப்பாவிலிருந்து எடுக்கிற பழக்கம் நம்மிடம் நிறைய உண்டு.

பேத்தி கேட்டது

பூட்டு விடயத்தில் நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து கேள்வி வந்தது. நான் தெரிவு செய்தது உள்ளே விரலால் திருப்புகிற, வெளியே காசுக் குற்றி நுழைகிற கீறல் வைத்த பூட்டு. ஆள் உள்ளே இருந்தால் வெளியே சிவப்புத் தெரியும்; அவசரமென்றால் ஒரு ரூபாய்க் குற்றியைக் கீறலில் வைத்துத் திருப்பினால் திறந்துவிடும். டவர் போல்ட் இனி இல்லை என்று சொன்னேன். பேத்தி பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு என்னிடம் தனியாக வந்தாள்.

"மாமா, அப்ப நான் உள்ள நிக்கேக்க ஆரும் திறக்கலாமோ?"

எனக்குப் பதில் வரவில்லை. விழுகிற கிழவிக்காக நான் யோசித்த கதவு, அந்த வீட்டிலேயே வளர்கிற ஒரு பெண்பிள்ளையின் கதவும்தான். விருந்தாளிகள் வருகிற வீடு, சின்னப் பிள்ளைகள் ஓடித்திரிகிற வீடு. ஒரு விளையாட்டுப் பிள்ளை காசை வைத்துத் திருப்பினால் போதும். அவள் கேட்டது நியாயமான கேள்வி. முதல் நாளே அவளிடமும் அந்தத் தாளைக் கொடுத்து எழுதச் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டு மூன்று வழி பார்த்தோம். கடைசியில் அவளே சொன்னதைத்தான் செய்தோம். கீறல் வைத்த பூட்டுக்குப் பதிலாக, வெளியே ஆழமான சின்னத் துளை மட்டும் உள்ள பூட்டு ஒன்றை எடுத்தோம்; அதைத் திறக்க அதற்கென்று உள்ள ஒரு கம்பிச் சாவி வேண்டும், காசு போகாது. சாவி இரண்டு. ஒன்று அக்காவின் சாவிக்கொத்தில். மற்றது சாப்பாட்டறைக் கடிகாரத்தின் பின்னால், பெரியவர் கைக்கு மட்டும் எட்டுகிற உயரத்தில். மூன்று தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால்தான் சாவியைத் தொடலாம் என்பதும் அவள் வைத்த சட்டம். பெரியம்மா மட்டும் பூட்டுவதே இல்லை, கதவைச் சாத்திவிட்டுக் குளிப்பார். அது அவர் விருப்பம்.

கைபிடிக்கு உருண்டை வகை வேண்டாம், நீட்டு வகை என்று போட்டோம். சோப்புக் கையாலும், வாதம் பிடித்த விரலாலும் உருண்டையைத் திருப்ப முடியாது. நீட்டுக் கைபிடியை முழங்கையாலும் அழுத்தலாம்.

இரண்டு மாரிக்குப் பிறகு

2024 பெப்ரவரியில் மாட்டிய கதவு. அதன் பின் இரண்டு மாரியும் இரண்டு கச்சானும் போய்விட்டன. பூட்டுப் பக்க இடைவெளியை மூன்று மில்லிமீட்டர் வைத்தோம். ஜனவரியிலும் ஜூலையிலும் அதே மூன்று. யாரும் சீவவில்லை.

சரிவராத ஒன்று இருக்கிறது. வெளியே திறக்கிற கதவின் உள்முகத்தில் தெறித்த தண்ணீர், கதவு திறந்து நிற்கும்போது சாப்பாட்டறைத் தரையில் சொட்டுகிறது. மாபிளில் நாலு சொட்டுப் போதும் வழுக்க. ஒரு கிழமை கால்துடைப்பான் போட்டுப் பார்த்தார் அக்கா. அதன் விளிம்பில் வோக்கர் தடக்கியது, எடுத்துவிட்டோம். பிறகு கதவின் உள்முகத்தில் கீழே ஒரு ரப்பர் பட்டியை ஒட்டி, சொட்டு பிணைச்சல் பக்கமாக ஓடிப்போய் விழும்படி சற்றுச் சாய்த்தேன். குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. குளித்து முடித்தவர் கதவின் உள்முகத்தை ஒருமுறை துணியால் இழுத்துவிட்டுத் திறப்பதுதான் இப்போதைக்கு வழி. பேத்தி மறக்காமல் செய்கிறாள், மற்ற இரண்டு பேரும் மறக்கிறார்கள்.

மேல் பிணைச்சலில் ஒரு திருகாணித் தலையில் மட்டும் தேநீர் நிறத்தில் ஒரு படலம் கண்டேன். நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்ததும் போய்விட்டது. மாதம் ஒருமுறை பிணைச்சலைக் கழுவச் சொல்லியிருக்கிறேன்.

அறுத்த கதவின் தேக்குப் பலகைகளில் மூன்று முழுதாகத் தப்பியிருந்தன. ஓடாவியார் அவற்றை இழைத்து, இடைவெளி விட்டு அடுக்கி, சுவரோடு மடிகிற குளியல் இருக்கை ஒன்று செய்து தந்தார். பெரியப்பாவின் கதவு என்று பெரியம்மாவுக்குத் தெரியும். முதல் நாள் அதில் இருந்து பார்த்துவிட்டு, பலகையை ஒரு தரம் தடவினார், ஒன்றும் சொல்லவில்லை.

வளவின் பின்பக்கம், கிணற்றடிக்குப் போகிற வழியில், பழைய மலசலகூடம் ஒன்று இன்னும் பாவனையில் இருக்கிறது. மாரியில் கரண்ட் போய்த் தாங்கியில் தண்ணீர் இல்லாத நாட்களில் பெரியம்மாவும் அங்கேதான் போகிறார். தகரக் கதவு, அகலம் இரண்டடி, உள்ளே திறக்கிறது, மேலே கொண்டி. மேசனுக்கு வருகிற தையில் சொல்லி வைத்திருக்கிறேன். அதுவரைக்கும் அந்தக் கொண்டியை நானே கழற்றிக் கொண்டுவந்துவிட்டேன்.